சமவெளி தேடிய இரு படைகள்: கிரேக்க, பாரசீகப் போர்களில் நிலத்தின் பங்கு

கிரேக்கம் மலைகளால் துண்டாடப்பட்ட நாடு. நிலப்பரப்பின் பெரும்பகுதி மலையும் கரடுமாக இருக்க, அவற்றுக்கு இடையே கிடைத்த சிறு சமவெளிகளில் வாற்கோதுமையும் திராட்சையும் ஒலிவமும் பயிரிட்டு வாழ்ந்த நகர அரசுகள், தமக்குள் மூண்ட போர்களில் மலையைத் துணைக்கொள்ளும் போர்முறை ஒன்றை வளர்த்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது நேர்மாறு. பிணக்குக்குப் பொருளாக இருந்தது விளைநிலமே ஆதலாலும், ஆயுதம் ஏந்தியவர்களில் பெரும்பாலோர் அந்நிலத்தின் உழவர்களே ஆதலாலும், போர் சமவெளியில், பகல் வெளிச்சத்தில், நேருக்கு நேர் நடந்து ஒரே நாளில் முடிவதே வழக்கமாயிற்று. கிரேக்கர் தம் நாட்டிலேயே மிகச் சமமான இடத்தைத் தேடிப் போய்ப் பொருது, வென்றவரும் பேரிழப்போடு திரும்புகிறார்கள் என்று பாரசீகத் தளபதி மார்டோனியஸ் ஏளனம் செய்ததாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அப்பேச்சு வரலாற்றாசிரியரின் புனைவாகவே இருக்கக்கூடும். ஆயினும் அதில் உள்ள கவனிப்பு பிழையானது அன்று.

பாரசீகரும் மலைநாட்டவரே. சாக்ரோஸ் மலைத்தொடரின் தென்பகுதியில் தோன்றிய அவர்களது அரசு, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிந்துவெளி முதல் ஏஜியன் கடற்கரை வரை பரவியபோது, குதிரையும் வில்லும் முதன்மை பெற்ற படை ஒன்றை அது கட்டியெழுப்பியிருந்தது. அந்தப் படைக்கும் சமவெளியே வேண்டியிருந்தது. எனவே கிரேக்க, பாரசீகப் போர்களை மலைமக்களுக்கும் சமவெளி மக்களுக்கும் நடந்த போர் என்று விளக்குவது பொருந்தாது. இரு படைகளும் சமவெளியை நாடின. ஆனால் இரண்டுக்கும் வேண்டிய சமவெளி வேறுவேறு. பக்கங்களில் மலையோ கடலோ சதுப்போ காவலாக நிற்கும் குறுகிய சமவெளி கிரேக்கருக்கு வேண்டும். குதிரை சுற்றிவர இடமளிக்கும் அகன்ற வெளி பாரசீகருக்கு வேண்டும். கி.மு. 490 முதல் 330 வரை நடந்த பெரும் போர்களில், எதிரியைத் தனக்கு ஏற்ற நிலத்துக்கு வரவைத்தவர் எவர் என்று கேட்டால் முடிவுக்கான காரணத்தில் பெரும்பங்கு தெரிந்துவிடும்.

இதற்குப் படைகளின் அமைப்பை அறிய வேண்டும். ஹாப்லைட் எனப்படும் கிரேக்கக் கனரகக் காலாளின் முதன்மைக் கருவி, ஏறத்தாழ 90 செ.மீ. குறுக்களவு கொண்ட வட்டக் கேடயம். அதன் நடுவிலுள்ள பட்டைக்குள் முன்கையை நுழைத்து, விளிம்பிலுள்ள பிடியைக் கையால் பற்றுவார்கள். ஆகவே கேடயத்தின் இடப்பாதி பக்கத்தில் நிற்பவனுக்கே பயன்பட்டது. பல வரிசை ஆழத்தில், பெரும்பாலும் எட்டு வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இவ்வணிக்கு ஃபாலங்ஸ் என்று பெயர். ஒவ்வொருவனும் தன் வலப்புறத்தானின் கேடயத்தை ஒட்டி ஒதுங்குவதால் அணி முழுவதுமே நடக்கும்போது வலப்பக்கம் சாயும் என்பதைத் தூசிடிடிஸ் குறித்திருக்கிறார். ஒரு வாய்க்காலோ பாறையோ வரிசையைப் பிளந்தால் அந்த இடைவெளியில் எதிரி நுழைந்துவிடுவான். பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும் தாக்குதலுக்கு எதிராக விரைந்து திரும்பவும் இவ்வணியால் இயலாது.

பாரசீகக் காலாட்படையின் முன்வரிசையில் பின்னல் வேலைப்பாடு கொண்ட உயரமான கேடயங்களை நிலத்தில் ஊன்றி ஒரு வேலிபோல் அமைப்பார்கள். அதன் பின்னால் பல வரிசைகளில் நிற்கும் வில்லாளர் எதிரியின்மேல் இடைவிடாது அம்பு பொழிவர். எதிரி கலைந்ததும் குதிரைவீரர் பக்கங்களில் வந்து வேலையை முடிப்பர். இது பின்தங்கிய முறை என்று பழைய பாடநூல்கள் எழுதியது நியாயமற்றது. ஆசியாவின் அகன்ற வெளிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது வென்று காட்டிய முறை. அதற்கு இரண்டு வேண்டும்: தொலைவும் நேரமும். அவ்விரண்டையும் எதிரி பறித்துவிட்டால் கேடயவேலிக்குப் பின்னால் இருப்பவன் போதிய உடற்கவசம் இல்லாத காலாள் மட்டுமே.

கி.மு. 490இல் மராத்தனில் நிலத்தைத் தேர்ந்தவர்கள் பாரசீகரே. ஏதென்சிலிருந்து துரத்தப்பட்ட முன்னாள் கொடுங்கோலன் ஹிப்பியாஸ் வழிகாட்ட, பாரசீகத் தளபதிகள் டாட்டிசும் அர்த்தபெர்னிசும் அங்கே படையை இறக்கினர். அட்டிக்காவில் குதிரைப்படைக்கு மிகவும் ஏற்ற இடம் அதுவே என்பது ஹெரடோட்டஸ் தரும் காரணம். மலைக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் அச்சமவெளியின் வடகிழக்கில் பெருஞ்சதுப்பு ஒன்றும் தெற்கில் சிறு சதுப்பு ஒன்றும் இருந்தன. ஏதெனியர் உடனே வெளியில் இறங்கவில்லை. ஹெராக்ளிஸ் கோயிலருகே பாசறை அமைத்து நாட்களைக் கடத்தினார்கள். குதிரைகளைத் தடுக்க அவர்கள் மரங்களை வெட்டிக் கிடத்தியதாகக் கார்னீலியஸ் நேப்போஸ் பிற்காலத்தில் எழுதினார்.

போர் நாளில் பாரசீக அணியின் நீளத்துக்குத் தம் அணியையும் நீட்ட வேண்டியிருந்ததால், நடுப்பகுதியின் வரிசைகளைக் குறைத்து இரு பக்கங்களையும் ஆழமாகவே வைத்துக்கொண்டனர். எட்டு ஸ்டேடியம் தொலைவை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டரை, ஓடிக் கடந்தார்கள் என்கிறார் ஹெரடோட்டஸ். அத்தனை சுமையோடு வரிசை குலையாமல் அவ்வளவு தூரம் ஓடுவது அரிது என்பதால், அம்பு எட்டும் கடைசித் தொலைவை மட்டும் ஓடியிருப்பர் என்று கொள்வதே தகும். நடுப்பகுதியைப் பாரசீகரும் சாகர்களும் உடைத்து உள்நாட்டுப் பக்கம் துரத்திச் செல்ல, வென்ற இரு பக்கங்களும் தப்பியோடியவர்களை விட்டுவிட்டு ஒன்றுசேர்ந்து, நடுவில் புகுந்தவர்களைத் தாக்கின. இதை ஏதெனியத் தளபதி மில்டியாடிஸ் முன்கூட்டியே விரித்த வலை என்று பிற்காலத்தார் வியந்தனர். ஹெரடோட்டஸ் அப்படிச் சொல்லவில்லை. நீளம் போதாமையால் நடு மெலிந்தது என்றே சொல்கிறார், அதுவே நம்பத்தக்கது. தப்பியவர்களில் பலர் சதுப்பில் சிக்கி மாண்டனர். ஏதென்சின் வண்ண மண்டபத்தில் தீட்டப்பட்ட மராத்தன் ஓவியத்தில் பாரசீகர் ஒருவரையொருவர் சதுப்புக்குள் தள்ளும் காட்சி இருந்ததாகப் பௌசானியாஸ் என்னும் பயண நூலாசிரியர் குறிக்கிறார். குதிரைப்படை அன்று என்ன செய்தது என்பதைப் பற்றி ஹெரடோட்டஸ் ஒரு சொல்லும் சொல்லாமை இன்றுவரை ஆய்வாளர்களை வாட்டுகிறது. இறந்தோர் பாரசீகத் தரப்பில் 6,400 பேர், ஏதெனியரில் 192 பேர் என்பது அவர் தரும் கணக்கு.

பத்தாண்டுகள் கழித்துப் பாரசீகப் பேரரசர் செர்க்செஸ் நேரில் படையெடுத்தபோது கிரேக்கர் முதலில் நாடியவை கணவாய்கள். கி.மு. 480இல் 10,000 ஹாப்லைட்டுகள் தெசலியின் டெம்ப்பே பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டு, மேல் மாசிடோனியா வழியாக இன்னொரு பாதை இருப்பது தெரிந்தபின் திரும்பினார்கள் என்பது பலர் மறக்கும் செய்தி. அடுத்துத் தெர்மோபிலே. அங்கும் சுற்றுப்பாதை இருந்தது. அதுவும் படை அங்கே சென்று சேர்ந்த பிறகே உள்ளூர்வாசிகள் வாயிலாகத் தெரியவந்தது. அங்கிருந்த பழைய மதிலைக் கட்டியவர்கள், தெசலியரைத் தடுக்க முயன்ற ஃபோக்கியர். அம்மதிலைத் தெசலியர் கடந்ததும் இதே மலைப்பாதையால்தான். ஒருமுறை தோற்ற அரணையே கிரேக்கர் மீண்டும் நம்பியிருந்தனர் என்று இதைச் சொல்லலாம்.

மூன்று நாள் நடந்த அப்போர் பற்றி எழுதப்படாதது குறைவு. மலைக்கும் கடலுக்கும் இடையே, இரு முனைகளில் ஒரு வண்டி செல்லுமளவே அகலம் கொண்ட வழியில், பாரசீகரின் எண்ணிக்கையும் குதிரையும் பயனற்றுப் போயின. அவர்களது ஈட்டி குட்டையானது என்பதும் கேடாயிற்று. மலைப்பாதையில் நடந்ததே கூர்ந்து நோக்கத் தக்கது. உள்ளூர்வாசி எஃபியால்டிஸ் வழிகாட்ட, பாரசீகத் தளபதி ஹைடார்னிசின் படை இரவு முழுதும் ஏறி விடியலில் உச்சியை அடைந்தது. அங்கே காவலிருந்த 1,000 ஃபோக்கியர், காற்று அசையாத அந்த வேளையில், தரையில் கிடந்த கருவாலி இலைகள் காலடியில் சரசரத்த ஒலியைக் கேட்டபின்பே எதிரி வந்ததை உணர்ந்து ஆயுதம் தரிக்கத் தொடங்கினர். அம்பு பொழிந்ததும், தம்மைத் தாக்கவே வந்துள்ளனர் என்று எண்ணி மலைமுகட்டுக்கு ஏறிச் சாகத் துணிந்து நின்றார்கள். ஹைடார்னிஸ் அவர்களைத் திரும்பியும் பாராமல் பாதையில் இறங்கிப் போனார். உயரமான இடத்தைப் பிடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பாதையை எதிரிக்குத் திறந்துவிட்டது. ஸ்பெர்க்கியஸ் ஆற்றின் வண்டல் படிந்து கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டதால் இன்று அக்கணவாய் கணவாயாகவே தோன்றாது.

சலாமிஸ் கடற்போரும் நிலத்தின் கதையே. குறுகலான நீர்ச்சந்தியில் பாரசீகக் கப்பல்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதியதும், ஏதெனியத் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் அவற்றை அங்கே வரவழைத்ததும் பெரிதும் பேசப்பட்டவை.

அவ்வளவு பேசப்படாத பிளாட்டீயாவே இப்பொருளுக்குச் சிறந்த சான்று. கி.மு. 479 கோடையில் ஏதென்சை இரண்டாம் முறை கைப்பற்றி எரித்த மார்டோனியஸ் அங்கே தங்காமல் போயோஷியாவுக்குத் திரும்பினார். அட்டிக்கா குதிரைக்கு ஏற்ற நாடன்று, தோற்றால் ஒடுங்கிய வழி ஒன்றே தப்பிச் செல்ல இருக்கும், நட்பு நகரான தீப்சின் அருகே போரிடுவது நல்லது என்பன ஹெரடோட்டஸ் கூறும் காரணங்கள். எந்தக் காலத்துத் தளபதியும் ஒப்பும் காரணங்கள். அசோப்பஸ் ஆற்றின் கரையில் மரக்கோட்டை எழுப்பிக்கொண்டு அவர் காத்திருந்தார். ஸ்பார்ட்டாவின் பௌசானியாஸ் தலைமையில் வந்த கிரேக்கரோ, ஆற்றுக்குத் தெற்கே கித்தைரன் மலையின் அடிச்சரிவை விட்டு இறங்கவில்லை.

முதல் மோதலில் பாரசீகக் குதிரைப்படை மசிஸ்டியசின் தலைமையில் வந்து, சரிவில் எளிதாக அணுகத்தக்க இடத்தில் நின்ற மெகாரா நகரத்தாரை அணி அணியாகத் தாக்கியது. ஏதெனியரில் தேர்ந்தெடுத்த 300 பேர் வில்லாளர்களோடு உதவிக்கு வந்தனர். அம்பொன்று பாய்ந்து குதிரை பின்னங்காலில் எழ, மசிஸ்டியஸ் கீழே விழுந்தார். மேலே செவ்வாடையும் உள்ளே பொற்செதில் கவசமும் அணிந்திருந்த அவரை எத்தனை குத்தியும் கொல்ல இயலவில்லை. ஒருவன் காரணத்தை உணர்ந்து கண்ணில் குத்திய பிறகே மாண்டார். சரிவில் குதிரையைத் தடுக்க வில்லாளர் துணையிருந்தால் இயலும் என்று கண்ட கிரேக்கர், அந்தத் துணிவிலும் தண்ணீர்த் தேவையாலும், கார்காஃபியா ஊற்றை ஒட்டிய தாழ்ந்த குன்றுகளுக்கு இறங்கினர்.

இதற்குப்பின் நடந்ததில் மார்டோனியசின் திறமை வெளிப்படுகிறது. பலி நிமித்தங்கள் இரு தரப்புக்கும் ஆற்றைக் கடந்து தாக்குவதற்குச் சாதகமாக அமையவில்லை என்பது ஹெரடோட்டசின் கூற்று. ஆற்றைக் கடப்பவன் எதிரிக்கு ஏற்ற நிலத்தில் கால்வைக்கிறான் என்பதைக் கருதினால் நிமித்திகரின் வாக்கு போர் அறிவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. தீப்ஸ் நகரத்தார் ஒருவரின் யோசனைப்படி மார்டோனியஸ் இரவில் குதிரைப்படையைக் கித்தைரன் கணவாய்க்கு அனுப்பி, பெலோபொனீசிலிருந்து உணவு சுமந்து வந்த 500 சுமைவிலங்குகளைப் பிடித்தார். பிறகு குதிரை வில்லாளர் நாள்தோறும் வந்து, நெருங்கிப் பொருதாமல், அம்பும் எறிவேலும் வீசி வாட்டினர். அசோப்பசில் நீர் எடுக்க முடியாதபடி ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்த கிரேக்கருக்கு எஞ்சியிருந்த கார்காஃபியா ஊற்றையும் கலக்கித் தூர்த்துவிட்டனர். ஹெரடோட்டசின் கணக்கில் 38,700 ஹாப்லைட்டுகள், அவர்களைவிடவும் மிகுதியான இலகுரக வீரர்கள். இத்தனை பேருக்கும் உணவும் இல்லை, நீரும் இல்லை. நிலத்தைப் பயன்படுத்தியவர் இங்கே பாரசீகரே.

நீர் கிடைக்கும் இன்னோர் இடத்துக்கு இரவில் பின்வாங்கக் கிரேக்கர் முடிவெடுத்தனர். அது குழப்பத்தில் முடிந்தது. நடுவணியில் இருந்த நகரத்தார் குறித்த இடத்தில் நில்லாமல் பிளாட்டீயா நகரின் ஹீரா கோயில்வரை போய்விட்டனர். ஸ்பார்ட்டாவின் படைப்பிரிவுத் தலைவர் அமோம்ஃபரெட்டஸ் அந்நியருக்கு முன் பின்வாங்க மாட்டேன் என்று இரு கைகளாலும் ஒரு பாறையைத் தூக்கிப் பௌசானியாசின் காலடியில் போட்டு, இதுவே தன் வாக்குக்கல் என்றார். விடியும்வரை வாதம் நீடித்தது. பொழுது புலர்ந்தபோது கிரேக்கர் மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்க, எதிரே காலி முகாமைக் கண்ட மார்டோனியஸ், அவர்கள் ஓடிவிட்டனர் என்று எண்ணி ஆற்றைக் கடந்து ஓட்டமாய்த் துரத்தினார். ஏனைய பிரிவினரும் ஒழுங்கின்றிப் பின்தொடர்ந்தனர்.

பௌசானியாஸ் குதிரைக்கு அஞ்சிச் சமவெளியைத் தவிர்த்துக் குன்றுகளையும் கித்தைரன் அடிவாரத்தையும் ஒட்டியே சென்றிருந்தார். டெமீட்டர் கோயிலருகே, சரிவான நிலத்தில், ஸ்பார்ட்டரும் தெஜியரும் தனித்து நின்றபோது பாரசீகர் கேடயவேலி அமைத்து அம்பு பொழிந்தனர். நிமித்தம் சாதகமாகும்வரை ஸ்பார்ட்டர் அடிபட்டபடியே காத்திருந்தனர். முன்னே வந்த பாரசீகர் பின்னால் திரண்டவர்களால் விலக இடமின்றி நெருங்கும்வரை பௌசானியாஸ் வேண்டுமென்றே பொறுத்தார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வேலி சரிந்ததும் போர் கைகலப்பாயிற்று. பாரசீகர் ஈட்டிகளைக் கையால் பற்றி முறித்தனர். வீரத்திலும் வலிமையிலும் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர், கவசமும் பயிற்சியும் இல்லாமையே தோல்விக்குக் காரணம் என்று எதிர்த்தரப்பு வரலாற்றாசிரியரே எழுதியிருக்கிறார். வெண்குதிரையில் 1,000 மெய்க்காவலர் சூழப் பொருத மார்டோனியஸ் வீழ்ந்ததும் பாரசீக அணி உடைந்தது.

அதே காலைப்பொழுதின் இன்னொரு நிகழ்ச்சி மேற்கோள்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஸ்பார்ட்டர் வெல்கிறார்கள் என்ற செய்தி ஹீரா கோயிலில் நின்றவர்களுக்கு எட்டியதும் அவர்கள் வரிசையின்றி விரைந்தனர். கொரிந்தியர் அடிவாரத்துக் குன்றுகளின் வழியே சென்று தீங்கின்றிச் சேர்ந்தனர். மெகாரா, ஃப்ளியஸ் நகரத்தார் மிக நேரான வழி என்று சமவெளியில் இறங்கினர். அவர்களைக் கண்ட தீப்ஸ் நகரக் குதிரைப்படை பாய்ந்து 600 பேரை வெட்டிச் சாய்த்தது. ஒரே இனம், ஒரே ஆயுதம், ஒரே நாழிகை. வேறுபட்டது நடந்த தரை மட்டுமே. கிரேக்கரின் வெற்றிக்கு அவர்களது விடுதலை வேட்கையே காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோர் இந்த 600 பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள்.

அகன்ற வெளியில் ஹாப்லைட் தனித்து நிற்க இயலாது என்பதைக் கிரேக்கர் முழுமையாக உணர மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கி.மு. 401இல் குனாக்சாவில் தம்மைக் கூலிக்கு அமர்த்திய இளைய சைரஸ் மாண்டபின், பாரசீக நாட்டின் நடுவே சிக்கிய கிரேக்கக் கூலிப்படை, சிறு குதிரைக்கூட்டமும் வில்லாளரும் கவணாளரும் தொடர்ந்து தாக்கியதால் ஒரு பகல் முழுவதும் நான்கைந்து கிலோமீட்டருக்குமேல் நகர முடியாமல் தவித்தது. அன்றிரவே அதன் தலைவர்களில் ஒருவரான செனஃபன், படையிலிருந்த ரோட்ஸ் தீவினரைக் கொண்டு ஏறத்தாழ 200 பேர் கொண்ட கவண் அணியையும், மறுநாள் சுமைக்குதிரைகளைத் திரட்டி 50 பேர் கொண்ட குதிரைப்படையையும் அமைத்தார். ரோட்ஸ் தீவினரின் ஈயக் குண்டுகள் பாரசீகக் கவண்கற்களைப்போல இருமடங்கு தூரம் சென்றன. பிறகு கார்தூக்கியரின் மலைநாட்டில் வேறு சிக்கல். ஒடுங்கிய பாதைகளில் உயரத்தைப் பிடித்துக்கொண்ட மலைவாசிகள் கல்லுருட்டியும் நீண்ட அம்பெய்தும் தாக்க, முன்னணி தடைபட்டபோது பின்னணியும், பின்னணி தடைபட்டபோது முன்னணியும் மேலேறி எதிரிக்கு மேற்பட்ட உயரத்தைப் பிடித்து ஒன்றுக்கொன்று வழி திறந்தன. இது ஃபாலங்சைக் கைவிட்டு நிலத்துக்கு ஏற்பப் படையைப் பிரித்துக்கொண்ட முறை.

அப்பாடம் மாசிடோனியரிடம் முதிர்ந்தது. கி.மு. 333இல் இசசில், மாசிடோனிய அரசர் அலெக்சாண்டரை எதிர்த்த பாரசீகப் பேரரசர் மூன்றாம் டரியஸ் சிரியாவின் அகன்ற வெளியை விட்டு, மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் இறங்கியது அவரது பெரும்பிழை. இரண்டாண்டுகளுக்குப்பின் காகமேலாவில் அப்பிழையைத் திருத்தினார். வெளியைத் தேர்ந்ததோடு அமையாமல், அரிவாள் பூட்டிய தேர்கள் தங்குதடையின்றி ஓடத் தரையையே சமன்படுத்தி வைத்தார். அலெக்சாண்டர் தம் அணியை வலப்பக்கமாகச் சாய்த்து அந்தச் சமன்படுத்திய பரப்பைவிட்டு விலகத் தொடங்க, அதைத் தடுக்கப் பாரசீகக் குதிரைப்படை இழுபட்டு நீண்டதில் உண்டான இடைவெளியில் அவர் புகுந்தார். நிலத்தைச் செதுக்கிவைத்தவன் அந்நிலத்துக்கே கட்டுப்பட்டுவிட்டான்.

கி.மு. 330இன் குளிர்காலத்தில் பெர்செபோலிஸ் நோக்கிச் சென்ற அலெக்சாண்டரை, பாரசீக வாயில் எனப்படும் மலையிடுக்கில் அரியோபர்சனேஸ் என்ற ஆளுநர் மதில் எழுப்பித் தடுத்தார். உச்சியிலிருந்து உருட்டிய பாறைகளாலும் எறிபடைகளாலும் முதல் தாக்குதல் முறிந்து மாசிடோனியர் பின்வாங்கினர். கைதிகளில் அவ்விடத்து மேய்ச்சல் வழிகளை அறிந்த ஒருவன் சுற்றுப்பாதையைக் காட்ட, தளபதி கிராட்டெரசை முகாமில் நிறுத்திவிட்டு அலெக்சாண்டர் இரவோடிரவாகப் பனிமலையைச் சுற்றிச்சென்று விடியலில் பின்புறம் இறங்கினார். மதிலைக் காத்தவர்கள் இரு பக்கமும் நசுக்கப்பட்டனர். தெர்மோபிலேயில் பாரசீகர் செய்ததை இங்கே மாசிடோனியர் செய்தனர். அங்கே கிரேக்கருக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸ் நின்ற இடத்தில் இங்கே நின்றவர்கள் பாரசீகர். எனினும் லியோனிடாசுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் அரியோபர்சனேசுக்குக் கிடைக்கவில்லை. அப்போரைப் பற்றி இன்று கிடைக்கும் பழைய வரலாறுகள் அனைத்தும் கிரேக்கரும் ரோமரும் எழுதியவை.